ஸ்டார்ட் ஆகாத பழைய சாலி: காசைக் கொட்டுவதற்கு முன்

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குச் சாமான் கொண்டு போகின்றவருக்கும் வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கின்றவருக்கும் பழைய ஹொண்டா சாலி ஆசைக்கு வைத்திருக்கும் பொருளல்ல. அதுதான் அவர்களுடைய முதல். காலையில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைய இலாபம் முச்சக்கர வண்டிக் கூலியாகப் போய்விடும்.

1972இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில், மூலையில் கிடந்த சாலிகளுக்கும் கிராக்கி ஏற்பட்டது. வாங்கியவர்களில் பலர் பஞ்சிகாவத்தையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியும் வண்டி எழும்பவில்லை என்கின்றனர். பிழை பெரும்பாலும் பாகத்தில் இல்லை. எது பழுது என்று பார்க்காமலேயே வாங்குவதில்தான் இருக்கிறது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். செலவில்லாத இந்த வேலையே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். பல தடவை உதைத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை என்று அர்த்தம். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, தீப்பொறிதான் சந்தேகம்.

காய்ந்திருந்தால் டாங்கியில் இருக்கும் பழைய பெற்றோலை வெளியே விடுங்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கோட்டா வந்தபோது பலர் வண்டியை ஓரங்கட்டினார்கள். மாதக்கணக்கில் நிற்கும் பெற்றோல் கெட்டுப் பிசினாகி, காபரேட்டர் ஜெட்டின் ஊசித் துவாரத்தை அடைத்துவிடும். பெற்றோல் குழாயின் வடியையும் ஜெட்டையும் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். புதிய காபரேட்டர் வாங்க அவசரப்பட வேண்டாம்.

நனைந்திருந்தால் பிளக்கைத் துடைத்து, அதன் மூடியில் செருகி, எஞ்சினின் உலோகத்தில் முட்டவைத்து உதைத்துப் பாருங்கள். பெற்றோல் ஆவி வருவதால் பிளக் துவாரத்துக்குக் கிட்ட வைக்கக் கூடாது. நீல நிறத்தில் ‘டக்’ என்று அடித்தால் தீப்பொறி நல்லது. அப்படியானால் பெற்றோல் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம். குழாயை மூடி, எக்ஸலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துச் சில தடவை உதைத்தால் காய்ந்துவிடும். பொறி மஞ்சளாக, சோர்வாக இருந்தால் அல்லது வரவே இல்லையென்றால் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மாறவில்லையென்றால் மெக்னட்டுக்குள் இருக்கும் பொயின்ட்டுக்குப் போக வேண்டும்.

கடற்காற்று வீசும் வெள்ளவத்தைப் பக்கத்தில் நின்ற வண்டிகளில் பொயின்ட்டின் முகத்தில் களிம்பு பிடிப்பது சாதாரணம். மெல்லிய தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்து, சுத்தமான அட்டையால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7. அதற்கும் பொறி வராவிட்டால் சாவிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இவ்வகை வண்டிகளில் சாவியை மூடினால் மின்சாரம் எர்த்துக்குப் போய்ப் பொறி நின்றுவிடும். அந்த வயர் எங்காவது உரசி உடம்பில் பட்டாலும் இதே கதைதான். பொயின்ட் அடிக்கடி கருகுமானால் கண்டென்சர். சூடானதும் நின்று, ஆறிய பிறகு எழும்பினால் கண்டென்சர் அல்லது கொயில்.

இங்கே பலர் ஏமாறுவது பற்றரியில். 6 வோல்ட் பழைய சாலியில் தீப்பொறி மெக்னட்டிலிருந்து வருகிறது. பற்றரி செத்திருந்தாலும் உதைத்தால் எழும்ப வேண்டும். ஹோர்னும் சிக்னலும் வேலை செய்யவில்லை என்பதற்காக வாங்குவது வேறு விடயம்.

பெற்றோலும் பொறியும் சரியாக இருந்தும் எழும்பாவிட்டால், பிளக் துவாரத்தைப் பெருவிரலால் மூடி உதைப்பியுங்கள். விரலைத் தள்ளும் அழுத்தம் இல்லையென்றால் முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் அது 0.05 மில்லிமீற்றர். “போரிங் பண்ண வேண்டும்” என்று பாஸ் சொன்னால், அதைப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டு எஞ்சினைக் கழற்ற விடுங்கள்.

ஓடாத சாலியை விலைக்கு வாங்குவதாக இருந்தால் கிக் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இறுகி நிற்கும் எஞ்சினுக்கு, “காபரேட்டர் மட்டும்தான் நானா” என்று சொல்லிக் கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முற்பணம். இலக்கம் பொருந்தாத வண்டியை எந்தப் பாஸாலும் திருத்த முடியாது. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில்தான் அலைய வேண்டிவரும்.