முட்டை விலை எழுதுபவருக்குக் கணக்கும் தெரியட்டும்

நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை ஐந்து காசு ஏறினாலும் மறுநாள் அது செய்தி. ஆனால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை ஒன்று. வியாபாரி ‘மைனஸ்’ என்று கழித்தால் பண்ணையாளர் கைக்கு வருவது இன்னொன்று. மரவள்ளியும் அப்படித்தான். மாவுச்சத்து ‘பாயிண்ட்’ பார்த்தே சேகோ ஆலைகள் கிழங்குக்கு விலை போடுகின்றன. பாயிண்ட்டை விட்டுவிட்டு டன் விலையை மட்டும் எழுதினால், படிக்கிற விவசாயிக்கு அது பாதிச் செய்திதான்.

பாதிச் செய்தி எவ்வளவு பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும் என்பதைக் கொங்குப் பகுதி பார்த்திருக்கிறது. ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் நடத்திய பெருந்துறை சுசி ஈமு நிறுவனம் 2012-இல் சரிந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் மாதம் ஆறாயிரம் என்றார்கள். ஆண்டுக்கு 72,000, அதாவது போட்ட முதலில் 48 சதவீதம். அவ்வளவு பணம் வர, ஈமு கறியை யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள்? இதைக் கேட்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கே கற்கலாம்?

மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் கணக்கியல், நிதி பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம்; சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தொடங்கிய தேசியப் பத்திரச் சந்தை நிறுவனம் (நிஸ்ம்) முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வை இலவசமாக நடத்துகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெனால்ட்ஸ் மையம், வணிகச் செய்தியாளர்களுக்கென்றே இயங்குகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நைட் மையம் இதழாளர்களுக்கு இணையவழி வகுப்புகள் எடுக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால், கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமை

கற்றதைப் பயன்படுத்தச் சட்டமும் துணை நிற்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகங்களிடம் தகவல் கேட்கலாம். பகுதிநேர நிருபருக்கும் அந்த உரிமை உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஒரு கம்பெனி எப்போது பதிவானது என்பதை கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கைப் பார்க்கச் சிறு கட்டணம்தான்.

எங்கே உஷார்?

‘பயிற்சி இலவசம், பதிவுக் கட்டணம் மட்டும், முடித்தால் பிரஸ் கார்டு’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் விலகுங்கள். தமிழக அரசின் செய்தியாளர் அங்கீகார அட்டையைத் தருவது செய்தி மக்கள் தொடர்புத் துறை. எந்தப் பயிற்சி வகுப்பும் அல்ல. ஓடிபி கேட்டால் பேச்சே வேண்டாம்.

இன்னொரு வகை, ஒரு கம்பெனியே ஏற்காட்டில் அறை போட்டு, பை நிறையப் பரிசு தந்து நடத்தும் ‘பயிலரங்கு’. நிதிச் செய்தியாளர்கள் பரிசு, கடன், பயணம், சலுகைப் பங்கு எதையும் வாங்கக் கூடாது என்கிறது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறை. கம்பெனி செலவில் போய் வந்தால், செய்தியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஏமாந்துவிட்டால்?

இணையவழியில் பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; நேரம் கடந்தால் பணத்தை நிறுத்துவது கடினம். ரசீதையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்தாதவர்மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். தந்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. டெபாசிட் மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகுங்கள். முதலீட்டாளர் நலனுக்கென்றே தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது.

அடுத்த திட்டக்காரர் மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுவார். அன்று முன்வரிசையில் கால்குலேட்டரோடு ஒரு நிருபர் உட்கார்ந்திருந்தால், பின்வரிசையில் இருப்பவர்களின் ஒன்றரை லட்சம் தப்பலாம்.