மாற்றுக் கல்லீரல் பெற்ற குழந்தையும் மஞ்சள் காமாலையும்



கல்லீரல் மாற்று ஆபரேஷன் என்றால் ஒரு காலத்தில் பேப்பரில் படிக்கிற செய்திதான். 1998-ஆம் ஆண்டு டெல்லியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். குழந்தைக்குச் சொந்த ஊர் நம்ம காஞ்சிபுரம். அப்பாவே தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். இப்போது சென்னையிலேயே குழந்தைகளுக்கு இது நடக்கிறது. நம் குழு உறுப்பினர் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஆபரேஷன் முடிந்தாலும் கவனம் முடிவதில்லை. அப்படிக் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று ‘ஹெபடைடிஸ் ஈ’ கிருமி.

இது எப்படிப் பரவுகிறது?

மலத்தில் இருக்கும் கிருமி குடிதண்ணீரில் கலந்து பரவுகிறது. 1955-56-ல் டெல்லியில் சாக்கடை கலந்த குடிநீரால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. காரணம் இந்தக் கிருமிதான் என்பது பல ஆண்டு கழித்தே தெரிந்தது. கிருமி உள்ளே போய் 2 முதல் 10 வாரத்துக்குள் நோய் தெரியும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி 3 மாதத்தில் வந்தால், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தக் குழந்தைகளுக்கு ஏன் தனிக் கவனம்?

புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைத் தினமும் கொடுக்கிறார்கள். அதனால் கிருமியை விரட்டும் பலமும் குறைகிறது. கிருமி 3 மாதம் தாண்டியும் தங்கி, கல்லீரலைச் சுருங்க வைக்கலாம். 2008-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் மாற்று உறுப்பு பெற்றவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். பிறகு குழந்தைகளிடமும் கண்டார்கள். இப்படித் தங்குவது பெரும்பாலும் பன்றி இறைச்சி வழியாக வரும் 3-ஆம் வகைக் கிருமி. நம் நாட்டில் தண்ணீரில் பரவும் 1-ஆம் வகை தங்குவது அபூர்வம். அதற்காக அலட்சியம் கூடாது.

கண்ணில் மஞ்சள் தெரியணும் என்று காத்திருக்காதீங்க. வெறும் சோர்வு, பசியின்மையோடு இருக்கலாம். அதுகூட இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியலாம். உடம்பு புது உறுப்பை ஒதுக்கினாலும் ரத்தத்தில் இதே மாதிரிதான் தெரியும். ஒதுக்கல் என்றால் டாக்டர் மருந்தைக் கூட்டுவார். இந்தக் கிருமி என்றால் குறைப்பார். இரண்டும் எதிரெதிர் வைத்தியம்! இவர்களுக்குச் சாதாரண பரிசோதனையில் கிருமி ‘இல்லை’ என்று தவறாக வரலாம். பி.சி.ஆர். பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். மருந்தைக் குறைத்தும் கிருமி போகாவிட்டால், ரிபாவிரின் மருந்து சுமார் 3 மாதம் தருவார்கள்.

அம்மாக்கள் செய்ய வேண்டியது

* தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். பள்ளிக்கும் அதே தண்ணீர்தான்.
* ரோட்டோர ஐஸ், சர்பத், நறுக்கி வைத்த பழம் வேண்டாம்.
* இறைச்சி, ஈரல் நன்றாக வேகணும்.
* மலம் கழித்த பின்பும் சாப்பிடும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவணும்.
* ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.
* மாத்திரையை நாமாகக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ கூடாது.

காமாலை என்றதும் “கீழாநெல்லி அரைச்சுக் கொடு” என்று பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் சொல்வாங்க. ஆனால் இந்தக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் கொடுக்கக் கூடாது. சில மூலிகைகள் ரத்தத்தில் மாத்திரையின் அளவையே மாற்றிவிடும்.

ஒரு வீடு மட்டும் தண்ணீரைக் காய்ச்சினால் போதாது. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் போகிறதா, மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுகிறார்களா என்று குழுவாகச் சேர்ந்து பாருங்கள். குறை இருந்தால் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஊராட்சியில் கொடுங்கள். கிராம சபையிலும் எழுந்து கேளுங்கள். அந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, நம் தெருவில் உள்ள கர்ப்பிணிக்கும் அதுதான் பாதுகாப்பு.