ஏட்டு நுண்படங்களை வருடுதலில் எல்லையும் தெளிதிறனும்

ஓலைச்சுவடியை நேரிற் காணும் பேறு எல்லார்க்கும் கிட்டுவதன்று. பதிப்பாய்வில் ஈடுபட்டோர் பலரும் 35 மில்லிமீட்டர் நுண்படச்சுருளையோ, அதனை ஸ்கேனரால் வருடிப் பெற்ற கணினிப் படத்தையோ மூலமாகக் கொள்கின்றனர். 1994ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சு நூல்களை இவ்வாறு சுருளில் ஏற்றிக் காத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சுருளிலிருந்து கணினிக்கு மாற்றுங்கால் இரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன. சட்டத்தில் எப்பகுதியைக் கொள்வது என்னும் எல்லை ஒன்று. அங்குலத்திற்கு எத்தனை பிக்சல் என்னும் தெளிதிறன் மற்றொன்று. (பிக்சலைப் படப்புள்ளி என்பாரும் உளர், மெய்யெழுத்தின் புள்ளியொடு மயங்குமாதலின் யாம் அச்சொல்லை விடுத்தோம்.) இவை தொழில்நுட்பம் வல்லார்க்கே உரியன என்று தமிழாய்வாளர் ஒதுங்குதல் தகாது. இவற்றாற் பாடமே திரிதல் கூடும்.

தெளிதிறனை முதற்கண் நோக்குவோம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓலை 12இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டுச் சுருளில் ஏறக்குறைய 33 மில்லிமீட்டராக அமைகின்றது எனக் கொள்வோம். எழுத்தாணிக் கீற்றின் அகலம் 0.24 மில்லிமீட்டராயின், சுருளில் அது 0.02 மில்லிமீட்டரே. 1200 பிக்சல் தெளிதிறனில் ஒரு பிக்சலின் அகலம் 0.021 மில்லிமீட்டர்; கீற்று ஒரு பிக்சலையும் நிரப்பாது. 2400இல் ஏறத்தாழ இரண்டும், 4000இல் மூன்றும் கிட்டும். 1200 என்னும் எண் பெரிதாகத் தோன்றினும், மூல ஓலையின் அளவிற் கணக்கிட்டால் அங்குலத்திற்கு 100 பிக்சலே ஆதல் காண்க. ஏட்டில் மெய்க்குப் புள்ளியிடாமையும், ரகரமும் காலும் ஒத்திருத்தலும் முன்னரே மயக்கந் தருவன. ணகர னகரச் சுழிகளும் படத்திற் கலங்குமாயின், இல்லாத பாடவேறுபாடு ஒன்று அடிக்குறிப்பில் ஏறிவிடும்.

எல்லையால் வரும் இடர் இதனினும் நுட்பமானது. வருடும் மென்பொருள்களிற் பல, முடிவுப் படத்தின் அளவையும் முன்னரே குறிக்க இடந்தருகின்றன. எல்லாப் படங்களும் 30 சென்டிமீட்டர் அகலமும் 300 பிக்சல் தெளிதிறனும் உடையனவாக என்று ஒருவர் குறித்துவிட்டால், ஒவ்வொரு படமும் 3543 பிக்சல் அகலம் பெறும். முழு ஓலையின் 33 மில்லிமீட்டரை 4000இல் வருடினால் 5197 பிக்சல் உள. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணே கழிக்கப்படும். பாதியாக முறிந்த ஓலையோ 16.5 மில்லிமீட்டர், அதில் உள்ளவை 2598 மட்டுமே. குறைந்த 945 பிக்சல்களையும் மென்பொருள் தானே இட்டு நிரப்பும். அன்றியும், முறிந்த ஓலையின் எழுத்து முழு ஓலையின் எழுத்தினும் இருமடங்கு பெரிதாகத் தோன்றும். எழுத்தளவு கொண்டு இரண்டும் ஒரு கையினவா என ஆராய்வார் இதனால் ஏமாறுவர். ஆதலின் தெளிதிறனை நிலைநிறுத்தி, முடிவளவை எல்லையின் போக்கில் விடுதலே முறை.

எல்லையை இறுக்கி வெட்டுதலும் கூடாது. யாம் ஒருகால் பெற்ற படத்தொகுதி ஒன்றில், வெற்றிடம் என்று கருதி இடப்பக்க ஓரத்தை நீக்கியிருந்தனர். அங்கேதான் ஏட்டெண் இருந்தது. ஏடுகள் நிரல் மாறியிருந்தமையின், பொருட்டொடர்பு ஒன்றையே துணையாகக் கொண்டு வரிசைப்படுத்த நேர்ந்தது. இரண்டு ஏடுகளின் இடம் இன்றும் எமக்கு ஐயமே. வலப்பக்கத்தில் ஓர் அடி இடையே நின்றால், அது செல்லரித்த முறிவா, வெட்டிய முறிவா என்பதும் புலனாகாது. ஓலையின் நாற்புறமும் பின்புலம் சிறிது தெரிய விடுத்தல் வேண்டும். சட்டத்தில் அளவுகோல் இருப்பின் அதனையும் உட்கொள்ளுதல் வேண்டும். அளவுகோலே சுருக்க அளவைக் காட்டும் சான்று.

தூசு நீக்கும் வசதியை அடைத்து வைத்தலே நலம். அகச்சிவப்புக் கதிரால் தூசறியும் முறை, வெள்ளித் துகளாலான கறுப்பு வெள்ளைச் சுருளிற் பயன்படாது. வெள்ளியே அக்கதிரைத் தடுத்துவிடும். மென்பொருளால் மட்டும் துடைப்பின், அச்சுப் பக்கத்துச் சுருள்களில் மெய்ப்புள்ளியும் தூசாகக் கருதப்பட்டு மறையலாம்.

36க்கு 24 மில்லிமீட்டர் சட்டம் முழுவதையும் 4000இல் வருடினால் 5669க்கு 3780 பிக்சல். சாம்பல்நிற அளவில், பிக்சலுக்கு ஒரு பைட்டாக, ஏறக்குறைய 21 மெகாபைட். இற்றைச் சேமிப்பகங்களுக்கு இது சுமையன்று. பதிப்புரையில் சுருள் எண்ணொடு சுருக்க அளவையும் வருடிய தெளிதிறனையும் குறிப்பாராயின், பின்வரும் பதிப்பாசிரியர் ஐயம் நேர்ந்தவிடத்து அச்சட்டத்தையே மீண்டும் எடுத்து ஒப்புநோக்குதல் இயலும்.