பழைய நகரமும் புதிய கட்டடமும்: காலிக் கோட்டை தரும் பாடம்

ஒரு பட்டணத்தைத் திருத்தி அமைக்கும்போது இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். பழையவற்றை இடித்து, அகலமான வீதியும் மாடிக் கடைகளும் கட்டவேண்டும் என்பது ஒன்று. முன்னோர் கட்டியதில் கை வைக்கக் கூடாது என்பது மற்றது. கமம் செய்யும் குடும்பங்களுக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கலாம். எமது நெல்லும் மரக்கறியும் விலைப்படுவது பட்டணத்துச் சந்தையிலேதான். அத்துடன், இடம்பெயர்ந்து ஊர் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த வளவில் இதே கேள்வியைச் சந்திக்கின்றது. ஆகவே எமது நாட்டிலேயே இதற்கு நெடுங்காலமாக விடை தேடிவரும் காலி நகரைச் சற்றுப் பார்ப்போம்.

கோட்டை தப்பிய விதம்

போர்த்துக்கேயர் தொடங்கிய அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் பெரிய மதில்களை எழுப்பி, உள்ளே தெருக்களும் வீடுகளும் கொண்ட நகராக அதனை அமைத்தனர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புத் துறைமுகம் விருத்தியடைந்தபோது கப்பல்கள் காலியை விட்டு அங்கு சென்றன. வியாபாரம் குன்றியதால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேகமும் குறைந்தது. வறுமையே ஒருவகையில் காவலாக அமைந்தது எனலாம். 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது.

சமநிலை பேணும் வழிகள்

முதலாவது வழி, பழையதற்கும் புதியதற்கும் வெவ்வேறு இடம் ஒதுக்குவது. காலியில் பஸ் நிலையம், புகையிரத நிலையம், பெரிய கடைத்தெரு என்பன மதிலுக்கு வெளியே உள்ளன. எனினும் எல்லையில் பிணக்குகள் தோன்றவே செய்யும். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியினால் கோட்டைக்கு எதிரேயுள்ள கிரிக்கெட் மைதானம் சேதமடைந்தது. அது திருத்தப்பட்டபோது எழுந்த புதிய கட்டடம் கோட்டையின் தோற்றத்தைப் பாதிக்கின்றது என யுனெஸ்கோ தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. அதே சுனாமியில் மதிலுக்கு வெளியேயுள்ள பஸ் நிலையப் பகுதி பேரழிவைக் கண்டது. மதிலுக்கு உள்ளிருந்தோர் பெரும்பாலும் தப்பினர். பழையது கண்ணுக்கு அழகு மாத்திரமல்ல, சிலவேளைகளில் உயிர் காக்கவும் செய்யும்.

இரண்டாவது வழி சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் என்பவற்றுடன், 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தினால் காலி மரபுரிமைக்கென ஒரு தனி மன்றமும் அமைக்கப்பட்டது. கோட்டைக்குள் வீடு வைத்திருப்பவர் தன் விருப்பப்படி மாடி கட்டவோ முகப்பை மாற்றவோ முடியாது. அனுமதி பெறவேண்டும்.

மூன்றாவது வழி பண உதவி. சுண்ணாம்புச் சாந்து, நல்ல மரம், பழைய மாதிரி ஓடு, கைதேர்ந்த மேசன் எல்லாவற்றுக்கும் செலவு அதிகம். 'இடிக்காதே' என்று சட்டம் சொன்னால் திருத்தும் செலவில் ஒரு பங்கையாவது பொதுப் பணம் ஏற்பதே நீதியாகும். காலியில் நெதர்லாந்து அரசின் உதவியுடன் பல தனியார் வீடுகள் திருத்தப்பட்டன.

தவறிப்போனது

இவ்வளவு செய்தும் ஒன்று கைநழுவியது. கோட்டை பிரபலமடைய, வீடுகளின் விலை ஏறியது. வெளிநாட்டவரும் வசதி படைத்தோரும் வீடுகளை வாங்கினர். வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கான 100 வீத வரி 2002இல் நீக்கப்பட்டு, 2004இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இக்கைமாற்றத்தை மேலும் கட்டுப்படுத்தியது. ஆனால் அதற்குள் பல வீடுகள் விடுதிகளாகவும் நகைக் கடைகளாகவும் மாறிவிட்டன. தலைமுறையாக அங்கு வாழ்ந்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேறின. விற்றவர்களை நாம் குறை கூற முடியாது. நல்ல விலை கிடைத்தால் யார்தான் யோசிக்கமாட்டார்? ஆயினும் சுவரும் ஓடும் பத்திரமாக இருக்க, அயல் கலைந்துபோயிற்று. மக்கள் குண்டினால் மாத்திரம் இடம்பெயர்வதில்லை, காணி விலையினாலும் இடம்பெயர்கின்றனர்.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றது. 1981இல் எரிக்கப்பட்ட அக்கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டப்பட்டது. எரிந்துபோன சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் திரும்பி வரவில்லை. கட்டடத்தைக் காப்பது பாதி வேலை. அதனுள் இருந்ததைக் காப்பது மீதிப் பாதி.

நாம் செய்யக்கூடியவை

1. இடிக்குமுன் பதிவு செய்வோம். உடைந்த வீட்டையும் மடத்தையும் நாற்புறமும் படம் பிடித்து, அளவெடுத்து, மூத்தோர் சொல்வதை எழுதி வைப்போம். நல்ல நிலை, கதவு, ஓடு என்பவற்றை வேறாக எடுத்து வைத்தால் புதிய வீட்டுக்கு உதவும்.

2. காணி அளக்குமுன் பழைய அத்திவாரத்தைக் கிளறவோ கிணற்றைத் தூர்க்கவோ வேண்டாம். எல்லைக் கதிகாலையும் அப்படியே விடுவோம். உறுதி தொலைந்த குடும்பத்துக்குத் தன் வளவை அடையாளங் காட்ட இவை பெரிதும் உதவும். உறுதி இருப்பின் அதன் பிரதிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்திருப்போம்.

3. வீதி அகலிப்பு, புதிய சந்தை என்று பேச்சு வந்தால், வேலை தொடங்குமுன் பிரதேச சபையில் வரைபடத்தைக் கேட்டுப் பார்ப்போம். எதை இடிப்பார்கள்? எதைக் காப்பார்கள்? செலவு யாருடையது? இப்போது அங்கு குடியிருப்பவரும் நிலத்தில் சாக்கு விரித்து மரக்கறி விற்பவரும் வேலை முடிந்த பின்பும் அங்கு இருக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் பெறுவது நல்லது.

4. ஊருக்குப் பொதுவானவற்றை ஊராகக் கூடித் தீர்மானிப்போம். பருத்தித்துறையில் வீதியையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடம், வழிப்போக்கருக்கு நிழல் கொடுக்க முன்னோர் கட்டியது. எமது ஊர்களிலும் சுமைதாங்கி, கேணி, ஆவுரோஞ்சிக் கல் என்று சிறியவை பல உண்டு. அரசாங்கப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு நாமே காவலர்.

எல்லாவற்றையும் காக்க முடியாது. பழுதாகி இடிந்து விழும் சுவருக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைப்பது மரபு பேணுவதாகாது. எதை வைத்திருப்பது, எதை விடுவது என்பதை அங்கு வாழப்போகின்றவர்கள் கூடி முடிவு செய்யட்டும். திரும்பி வந்தவர்கள் தொடர்ந்து இருக்கக்கூடிய ஊரே திருத்தி அமைக்கப்பட்ட ஊர்.