ஞானஸ்நானம் முதலில், பாடம் பிறகு

கிபி 597இல் அகஸ்டின் என்ற துறவி இங்கிலாந்தின் கென்ட் நாட்டுக்கு வந்து அரசன் எத்தல்பெர்ட்டை மதம் மாற்றினார். அரசன் மாறினான், குடிகளும் மாறினார்கள். தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையிலும் ஊர் ஊராகத்தான் மாற்றம் நடந்தது. ஆனால் அங்கே முடிவெடுத்தது அரசன் இல்லை, முத்துக்குளிக்கும் பரவர்களின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள்.

1530களில் முத்துக்குளிக்கும் உரிமை குறித்துப் பரவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் தூத்துக்குடிப் பக்கம் மோதல் முற்றியது. ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்த மலபார்க் குதிரை வணிகர் ஜோவாம் த குரூஸ் ஒரு வழி சொன்னார்: போர்த்துக்கீசியரின் துணையை நாடுங்கள். பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினர். 1537க்குள் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களாகியிருந்தனர். அவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது பாதுகாப்பு. வேதம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

1542 மே மாதம் கோவாவில் இறங்கிய மறைபோதகர் பிரான்சிஸ் சவேரியார், அக்டோபரில் அந்தக் கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை முதலிய செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் பெரிய பிழை ஒன்று இருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று வந்துவிட்டது. கடவுளை நம்புவதாகச் சொல்ல நினைத்தவர்கள், கடவுள் வேணும் என்று ஓதிக்கொண்டிருந்தார்கள்! அதுவும் ஒரு வகையில் செபம்தான். ஆனாலும் பிழையைக் கண்டுகொண்ட சவேரியார், அதைத் திருத்தும்படி 1544இல் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு எழுதினார்.

1545இல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கும் அவர் தொடங்கியது அதே வேலைதான், இம்முறை மலாய் மொழியில். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். மறு ஆண்டு அவரது உடல் மலாக்காக் குன்றின் மேலிருந்த தேவாலயத்தில் சில மாதம் அடக்கமாகியிருந்து, பிறகு கோவாவுக்குப் போனது.

முதலில் சொன்ன கென்ட்டை அடுத்த எசெக்ஸில், கிறிஸ்தவ அரசன் இறந்ததும் மகன்கள் பழைய தெய்வங்களுக்கே திரும்பி, ஆயரைத் துரத்திவிட்டனர். முத்துக்குளித்துறையில் அப்படி நேரவில்லை. ஊர்கூடி எடுத்த முடிவு ஒரு தலைவரின் சாவோடு போய்விடவில்லை. சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அளவுக்குத் தமிழ் கற்று, இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சேறியது. மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே.