பழந்துணியில் தைத்த விசுவாசம்

இடம்பெயரும் குடும்பம் ஒன்று தன் வீட்டுப் படலையைத் தாண்டும்போது எதை எடுத்துச் செல்கிறது என்பதை எமது வாசகர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு திருச்சுரூபம், ஒரு கேத்தில், ஓர் உடுப்புப் பொட்டலம். உறுதியையும் அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறோம். உடுப்புப் பொட்டலம் மட்டும் இரண்டு மூன்று வருடங்களில் கந்தலாகி, அடுப்புத் துணியாகவும் நிலம் துடைக்கும் துணியாகவும் முடிந்துபோகிறது. அந்தக் கந்தலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் உத்தர கன்னட மாவட்டம் இருக்கிறது. கோவாவுக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் நிறைந்த நிலம். அங்கே ஹலியால், யெல்லாப்பூர், முண்ட்கோட் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காட்டோரக் குடியிருப்புகளில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆபிரிக்க வழித்தோன்றல்கள். சிறு நிலத்தில் பயிர் செய்தும், பிறர் தோட்டங்களில் கூலிக்குப் போயும், காட்டில் தேன் எடுத்தும் வாழ்ந்து வந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் உண்டு, இந்துக்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு. மூன்று சமயத்துப் பெண்களும் ஒரே விதமான போர்வை தைக்கிறார்கள். அதற்குக் கவந்தி என்று பெயர்.

இம்மக்கள் அங்கு வந்த வரலாற்றைச் சொல்லாமல் போர்வையைப் பற்றிச் சொல்ல முடியாது. 1510இல் போர்த்துக்கேயர் கோவாவைக் கைப்பற்றினர். அதன்பின் கிழக்காபிரிக்கக் கரைகளிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி அங்கு கொண்டுவந்தனர். வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் அவர்கள் வாங்கி விற்கப்பட்டனர். பலருக்கு எசமானரின் சொற்படி ஞானஸ்நானமும் கொடுக்கப்பட்டது. தப்ப முடிந்தவர்கள் மலையேறிக் காட்டுக்குள் ஓடினர். சித்தி மக்கள் எல்லோரும் இவ்வழியால் வந்தவர்கள் அல்லர்; போர்வீரராகவும் மாலுமிகளாகவும் வேறு அரசர்களிடம் வந்தோரும் உண்டு. ஆயினும் கத்தோலிக்க சித்திகளின் மூதாதையர் பெரும்பாலும் கோவாவிலிருந்து தப்பி ஓடியவர்களே. சங்கிலி பூட்டிய கைகளிடமிருந்தே அவர்களுக்குத் திருமுழுக்கும் வந்தது. திருச்சபையைச் சேர்ந்த நாம் இந்த உண்மையை விரைவாகக் கடந்துபோய்விடக் கூடாது.

இவ்விடத்தில் எம் நாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவைப்பது நல்லது. புத்தளத்துக்கு அண்மையில் சிறாம்பியடியில் வாழும் காப்பிரியர் சமூகமும் போர்த்துக்கேயர் காலம் முதல் இவ்விதம் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்ததே. அவர்களுள்ளும் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எமது புனித யோசேவாஸ் அடிகளார் பிறந்ததும் கோவாவிலேதான், 1651இல். அடிமைகள் நடமாடிய அம்மண்ணிலேயே அவர் 1677 ஓகஸ்ட் 5ஆம் திகதி தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் உறுதி எழுதினார். பின்னர் 1681 முதல் மூன்று ஆண்டுகள் கன்னடக் கரையோரத்தில் பணிபுரிந்துவிட்டு, 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். தம்மை அடிமை என்று அவர் எழுதியபோது, அச்சொல் அவ்வூர்த் தெருக்களில் என்ன பொருள் தந்தது என்பதை அவர் அறியாதிருக்க முடியாது.

இனிப் போர்வைக்கு வருவோம்.

கவந்திக்குப் புதுத்துணி வாங்குவதில்லை. குடும்பத்தார் உடுத்தித் தேய்ந்த சேலை, சட்டை, பாவாடை, சாரம் எல்லாம் சேர்த்து வைக்கப்படும். தேய்ந்த பருத்திச் சேலை ஒன்று அடித்துணியாக நிலத்தில் விரிக்கப்படும். மெஷின் இல்லை, சட்டம் இல்லை. ஊசியும் நூலும் மட்டும். பெண் நிலத்திலிருந்து ஒரு மூலையில் தொடங்குவாள். துணித் துண்டின் விளிம்பை உள்ளே மடித்து, அடித்துணியின் மேல் வைத்து, நூலோடும் தையலால் தைத்துக்கொண்டு விளிம்போரமாகவே போவாள். நான்கு பக்கமும் சுற்றி வந்ததும் அதற்கு உட்பக்கமாக அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரவேண்டும். ஒட்டுகளைப் பிடித்து வைப்பதும், அடுக்குகளை ஒன்றாக இறுக்குவதும் அதே தையல்தான். முடிந்தபின் பார்த்தால் போர்வை முழுவதும் தையல் வரிகள், உழுத வயலில் சால்கள் கிடப்பதுபோல் வரிவரியாகக் கிடக்கும். அந்த மலைக்காட்டில் மாரி கடுமையானது. மாரிக்குளிரில் போர்த்துக்கொள்வதும் அதுவே, கீழே விரித்துப் படுப்பதும் அதுவே. முழுக் குடும்பத்துக்கும் பெரிதாக ஒன்று தைப்பார்கள். குழந்தைக்குச் சிறியது; அதில் பளிச்சென்ற நிறத் துண்டுகள் கூடுதலாக இருக்கும்.

நான்கு மூலைகளிலும் சதுரத் துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைப்பார்கள். அதைப் பூ என்றே அழைக்கிறார்கள். பூவில்லாத கவந்தி உடுப்பில்லாத ஆளைப்போல் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். குளிர் காப்பதற்குப் பூ ஒன்றும் செய்வதில்லை. கூலி வேலை முடித்து வந்தவள் விளக்கொளியில் இதற்கென்று இன்னும் சில நாட்கள் செலவிடுகிறாள் என்றால், ஏழையின் வாழ்வில் அழகுக்கு இடமில்லை என்று எண்ணும் எங்கள் திட்ட அலுவலர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

கத்தோலிக்கப் பெண்கள் பலர் ஒட்டுகளிடையே சிலுவைகளை வைத்துத் தைக்கிறார்கள். இஸ்லாமியப் பெண்கள் பிறை தைப்பதும் உண்டு. சிலுவை என்றதும் எமது பீடத் துணிகளில் பொன் நூலால் செய்யும் வேலைப்பாட்டை நினைக்க வேண்டாம். பழைய சட்டையில் வெட்டிய இரண்டு கீற்றுகள், அவ்வளவே. ஆனால் அந்தச் சட்டை யாருடையது என்பது தைத்தவளுக்குத் தெரியும். எந்த வருடத்தில் வாங்கியது, யார் போட்டது, எங்கே முள்ளில் மாட்டிக் கிழிந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்ணும் தன் வாழ்வையும் செபத்தையும் ஒரே துணியில் வைக்கிறாள். அவள் பிள்ளைகள் அதன்கீழ் உறங்குகிறார்கள். இதைவிடத் தெளிவான விசுவாச அறிக்கையை நான் அதிகம் கண்டதில்லை.

நற்செய்தியில் ஆண்டவர் ஒட்டுப்போடுவதைப் பற்றிப் பேசிய இடம் ஒன்று உண்டு. சுருங்காத புதுத்துணியைப் பழைய ஆடையில் வைத்துத் தைத்தால், அது பழையதை இழுத்துக் கிழிசலைப் பெரிதாக்கும் என்றார். இவ்வசனத்தைக் குருமடத்தில் படிக்கும்போது பழைய உடன்படிக்கை, புதிய உடன்படிக்கை என்றுதான் விளக்கம் பெறுவோம். விளக்கம் சரியே. ஆனால் ஊசி பிடித்த பெண்ணுக்கு இது முதலில் ஒரு தையல் உண்மை. புதுப்பருத்தி தோய்த்தவுடன் சுருங்கும். பலமுறை தோய்த்த துணி இனிச் சுருங்காது. கவந்தியிலுள்ள துண்டுகள் எல்லாம் பல மாரிகளில் நனைந்து, பல வெயில்களில் காய்ந்து, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்தவை. எனவே ஒன்றையொன்று இழுப்பதில்லை. நாசரேத்து வீட்டில் ஒட்டுப்போட்ட கைகளைப் பார்த்து வளர்ந்தவரின் பேச்சு அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுற்றிச் சுற்றி வந்த தையல் நடுவை அடையும்போது ஒரு சிறு இடைவெளி எஞ்சும். கடைசி ஒட்டால் அதை மூடுமுன், உள்ளே சில அரிசிமணிகளை இடும் வழக்கம் சித்திப் பெண்கள் சிலரிடம் உண்டு. போர்வையின் வயிறு வெறுமையாக இருக்கக் கூடாதாம். பட்டினியை அறிந்தவர்களின் செபம் இது. கோர்ப்பஸ் கிறிஸ்ரி நாளில் நான் செய்யும் நீண்ட பிரசங்கத்தைவிட இது குறுகியது, பொருளும் நிறைந்தது.

2003இல் கர்நாடகத்துச் சித்தி மக்கள் பட்டியல் பழங்குடியினராக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். அதையடுத்த காலத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் அப்பெண்களோடு பழகி, அவர்கள் போர்வைகளை ஆராய்ந்தார். பெண்களின் போர்வைக் கூட்டுறவு ஒன்றும் உருவாயிற்று. 2011இல் நியூயோர்க்கின் ஷொம்பேர்க் நிலையத்தில் இப்போர்வைகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் தைத்த கந்தலை, அவ்வாறே வேறொரு கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள் சுவரில் மாட்டிப் பார்த்தனர்.

விற்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் காசு வருவது ஒரு பெண்ணுக்கு வீட்டில் மதிப்பைத் தரும். ஆனால் ஒழுங்கு முக்கியம். சித்திப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்குத் தைத்தார்கள். சந்தை பின்னர் வந்தது. எங்கள் நிலையங்களில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் மெஷின் வரும், பின்னர் ஆசிரியை, பின்னர் பாடசாலைச் சீருடைக்கு ஓடர். அறிக்கைப் படிவத்தில் எத்தனை மெஷின், எத்தனை பயிலுனர், எவ்வளவு வருமானம் என்ற கட்டங்கள் இருக்கும். அந்தப் பெண் தனக்கென்று என்ன தைத்தாள் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. வாங்குபவர் கேட்கும் நிறமும் அளவும் தைப்பவள் கையை ஆளத் தொடங்கிவிட்டால், அவள் தன் கதையைத் தைக்க மாட்டாள்.

ஆகவே, உங்கள் பொட்டலத்தில் கிடக்கும் பழந்துணியை எறிய வேண்டாம் என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் நன்மைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையின் துண்டு, வயலுக்கு உடுத்த சாரம், விட்டுவந்த வீட்டின் சன்னல் சீலை, முகாமில் நிவாரணமாகத் தந்த துணி, எல்லாம் ஒரே போர்வையில் இருக்கலாம். அயல்வீட்டு இந்துப் பெண்மணி சிலுவை வைக்கமாட்டார். அவர் சூலமோ விளக்கோ வைக்கட்டும். இருவரும் ஒரே திண்ணையில் இருந்து தைக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். 2009க்குப் பின் கணவனையோ மகனையோ தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் எங்கள் பங்குகளில் பலர். அவருடைய சேட்டு ஒன்று பெட்டிக்குள் மடித்தபடி இருக்கும். அதை எடுங்கள், வெட்டுங்கள் என்று சொல்ல எந்தக் குருவானவருக்கும், எந்த அலுவலருக்கும் உரிமை இல்லை. அது பெட்டியிலேயே இருக்கட்டும். அவர் வந்து போர்த்துக்கொள்ளட்டும் என்று மற்றத் துணிகளில் ஒரு போர்வை தைக்க விரும்பும் தாய் தைக்கட்டும். எப்போது, எப்படி என்பது அவருடைய முடிவு.

தொடங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நூற்சேலையும் சீத்தையும் நல்லவை; நைலெக்ஸ் வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. பொத்தான்களையும் கொளுக்கிகளையும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். துணிகளைத் தோய்த்து நன்றாகக் காயவிட்ட பின்பே தையுங்கள். தடித்த பருத்தி நூலை இரட்டையாக எடுங்கள். தையல் வரிகளுக்கிடையே ஒரு விரலளவு இருந்தால் போதும். அகலமானால் உள்ளே துணி சுருண்டுவிடும். முதல்முறை பெரிதாகத் தொடங்காமல், குழந்தைக்கு ஏற்ற அளவில் ஒன்று தைத்துப் பாருங்கள். பெரிய போர்வை நனைந்தால் பாரமாகும், ஒருவரால் பிழிய முடியாது. வேலியில் போட்டு இரு பக்கமும் வெயில் படக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் நின்றால் உக்கிவிடும். எங்காவது கிழிந்தால் பழைய ஒட்டைப் பிரிக்க வேண்டாம். அதன் மேலேயே அடுத்ததை வைத்துத் தையுங்கள்.