தொண்ணூறு வோல்ட்டும் ஒன்றரை வோல்ட்டும்

மதுரையின் தென்பகுதியாகிய வில்லாபுரத்தில் என் வீட்டு மேசைமீது ஒரு பழைய அலையியற்றி இருக்கிறது. வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்போர், அவற்றின் சுற்றுகளைச் சுருதி கூட்டுவதுபோல் இசைவிக்கக் கையாண்ட சோதனைக் கருவி அது. சுவர் மின்சாரத்தில் செருகும் கம்பி அதற்கு இல்லை. உள்ளிருக்கும் இரண்டு டி.எஃப். 91 வால்வுகளும் மின்கலத்தாலேயே இயங்குபவை.

இப்படி ஒரு கருவி எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிற்று. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தோன்றிற்று. எனினும் வானொலியின் குரல் எட்டிய சிற்றூர்களுக்கெல்லாம் மின்கம்பி எட்டிவிடவில்லை. அங்கே பெட்டியும் மின்கலத்தில் பாடிற்று. பழுதுபார்க்கச் சென்றவரின் கருவியும் மின்கலத்திலேயே இயங்க வேண்டியதாயிற்று.

இத்தகைய வால்வுக்கு இருவேறு மின்கலங்கள் வேண்டும். மின்னிழையைச் சூடாக்க 1.4 வோல்ட், அதில் ஓடுவது 50 மில்லி ஆம்பியர். வெளிப்படும் எலக்ட்ரான்களை நேர்மின்வாய்க்கு இழுக்க 90 வோல்ட் வரை. இங்கே மின்னிழையே எதிர்மின்வாயும் ஆதலால், அதற்கு மாறுமின்னோட்டம் தந்தால் 50 ஹெர்ட்ஸ் முரல் ஒலி கலந்துவிடும்.

பழைய 90 வோல்ட் மின்கலம் என்பது 60 சிறு கலங்களை அடுக்கிக் கட்டிய பெட்டி. இன்று 9 வோல்ட் மின்கலங்கள் பத்தினைத் தொடராக இணைத்தால் அதே அழுத்தம் கிடைத்துவிடுகிறது. மின்னிழைக்கு ஒரு பெரிய டார்ச் கட்டை போதும்.

இவ்வளவு எளிதாயிருந்தும் நான் முதன்முறை தோற்றேன். முன்பு வைத்திருந்தவர் இணைப்புச் செருகியை வெட்டியெறிந்திருந்தார். அக்காலத்துச் செருகிகளில் துளைகளின் அமைப்பே வேறுபட்டிருக்கும். மாற்றிச் செருக இயலாது. நானோ வெறுங்கம்பிகளை நம்பி, 90 வோல்ட்டை மின்னிழைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கணம் பளிச்சென்றது. இரண்டு வால்வுகளும் மாண்டன. அவற்றை இன்று புதிதாகச் செய்வார் இல்லை. பழைய இருப்பில் தேடிப் பிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இரண்டாம் முறை 90 வோல்ட்டின் எதிர்முனையிலேயே 2,200 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்தேன். கணக்கைப் பாருங்கள்: 90-ஐ 2,200-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41 மில்லி ஆம்பியர். கம்பி மாறினாலும் அதற்குமேல் ஓடாது. 50 மில்லி ஆம்பியரைத் தாங்கும் இழை பிழைத்துக்கொள்ளும். என் கருவி வழக்கமாக எடுப்பது 4 மில்லி ஆம்பியர்; ஆகவே தடையில் இழப்பது ஒன்பது வோல்ட்டுக்கும் குறைவே. சில காசு விலையுள்ள அந்தத் தடையை முதலிலேயே வைத்திருக்கலாம் அன்றோ!

மின்னிழை அறுந்ததா என்று பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. முள் நகரும் சில பழைய மல்டிமீட்டர்கள், மிகக் குறைந்த ஓம் அளவையில் 100 மில்லி ஆம்பியருக்கு மேலும் செலுத்தும். சோதனையே இழையை எரித்துவிடும். ஆதலால் உயர்ந்த ஓம் அளவையிலேயே பார்க்க வேண்டும்.

கசிந்து காய்ந்த பழைய கட்டையின் கறையைச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்தேன். அக்கசிவு அமிலத்தன்மை உடையது. இக்காலத்து ஆல்கலைன் கட்டை கசிந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டும். மெழுகுக் காகித மின்தேக்கிகள் முதுமையில் மின்னோட்டத்தைக் கசியவிடுபவை. அவற்றை ஐயமின்றி மாற்றிவிட்டேன். 90 வோல்ட் கையையும் உலுக்கும்; தொடுமுன் மின்கலத்தைக் கழற்றிவிடுக.

பின்பு டார்ச் கட்டையை மட்டும் இணைத்து, இழைகளின் அழுத்தத்தை அளந்தேன். அது சரியென்று கண்டபின்னரே 90 வோல்ட். கருவியை 455 கிலோ ஹெர்ட்ஸில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு மத்திய அலைப் பெட்டியை வைத்து, அதன் இரட்டிப்பாகிய 910-இல் முள்ளைத் திருப்பினேன். முரலின்றி, குழலூதுவதுபோல் ஒற்றைச் சுரம் கேட்டது.